குப்பையா, சரக்கா? வீட்டுக் கழிவு பற்றி எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை வீடு வீடாக உலர் குப்பை வாங்கி, தரம் பிரித்து, எடைக்குப் போடும் வேலையைச் சிலர் சேர்ந்து பார்க்கிறோம். சாக்கோடு வாசலில் நின்றால் சந்தேகம் கேட்காத வீடே இல்லை. திருப்பூர், கோபி, பொள்ளாச்சியில் இருக்கும் உறவுக்காரர்களும் போனில் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்கப் பார்த்திருக்கிறேன், அதனால் மேலிருந்து படித்தால் வசதி.

ஏனுங்க, எது மக்கறது, எது மக்காதது? தெனமும் இதே கொழப்பமுங்க.

காய்த்தோல், மிச்சச் சோறு, டீத்தூள், முட்டை ஓடு, வாடிய பூ, இலை எல்லாம் ஒரு வாளி. பேப்பர், அட்டை, பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி, துணி எல்லாம் ஒரு சாக்கு. பேப்பரும் மக்கும்தானே என்பார்கள். மக்கும்தான், ஆனால் அதற்கு விலை இருக்கிறது. அதனால் அது சாக்குப் பக்கம். மக்குமா மக்காதா என்று யோசிப்பதை விட, ஈரமா காய்ந்ததா என்று பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காக்கிவிட்டன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயாபர் போன்ற சுகாதாரக் கழிவு, பெயின்ட் டப்பா பல்பு மருந்து போன்ற தனிக் கவனம் வேண்டிய கழிவு. கேட்க மலைப்பாக இருக்கும். பின்னால் சொன்ன இரண்டும் தினமும் சேருவதில்லை, ஒரு மூலையில் ஒரு அட்டைப் பெட்டி போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஈரம் படாத வரைக்கும் உலர் குப்பை சரக்கு, வாங்க ஆள் உண்டு. அதன்மேல் ஒரு கரண்டி சாம்பார் கொட்டினால் குப்பை. கீழே வரும் பதில்களில் பாதி இதில்தான் வந்து நிற்கும்.

நாம பிரிச்சுக் குடுத்தாலும் வண்டில எல்லாத்தையும் ஒண்ணாத்தான கொட்டறாங்க? அப்பறம் எதுக்குங்க நாம மெனக்கெடோணும்?

சில இடங்களில் அப்படி நடப்பது உண்மைதான். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காய்ந்த சரக்கு அந்த வண்டியில் ஏறியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? பழைய இரும்புக் கடைக்கோ, தெருவில் டிவிஎஸ் ஐம்பதில் வெங்காயமும் உப்பும் வைத்துக்கொண்டு வருகிறவருக்கோ போட்டுவிட்டால், வண்டிக்குப் போவது ஈரக் குப்பை மட்டும்தான். எதோடும் கலக்க வழியில்லை.

வண்டிக்கே கொடுத்தாலும் பிரித்துக் கொடுப்பதில் பலன் உண்டு. தூய்மைப் பணியாளர்கள் கலந்த குப்பையைக் கையால் கிளறித்தான் பிளாஸ்டிக்கையும் அட்டையையும் எடுக்கிறார்கள். நீங்கள் முடிச்சுப் போட்டுக் கொடுத்த கவருக்குள் உடைந்த கண்ணாடியும் அழுகிய தக்காளியும் ஒன்றாகக் கிடந்தால் கிழிவது அவர்கள் கை.

ஈரமும் காய்ந்ததும் கலந்து மலையாகக் குவிந்தால் என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் காற்றில்லாமல் அழுகும் சாப்பாட்டுக் கழிவில் இருந்து மீத்தேன் வரும், மேலே பிளாஸ்டிக் காய்ந்து கிடக்கும். அந்த ஊர் வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் 2024 ஏப்ரலில் பிடித்த தீ பல நாள் புகைந்தது. திருப்பூரில் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது என்று சுற்றுவட்டாரத்து மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். நம் வீட்டு வாளியில் கலப்பதுதான் அங்கே போய்ச் சேருகிறது.

பால் கவரைக் கழுவித்தான் போடோணுமா? தண்ணிக்கே தட்டுப்பாடா இருக்கறப்ப இது தேவையுங்களா?

கழுவ வேண்டும். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அல்ல. பாலைப் போசியில் ஊற்றியதும் கவருக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஆட்டி, அதையும் அதே பாலில் ஊற்றிவிடுங்கள். டீக்குத் தண்ணீர் எப்படியும் சேர்க்கத்தானே போகிறோம். இன்னொரு முறை அலசுவதானால் பாத்திரம் கழுவி முடித்த தண்ணீர் போதும். பிறகு கொடியில் கிளிப் மாட்டி விடுங்கள், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

முக்கியமானது கத்திரியில் இருக்கிறது. மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். பாதி வரை கீறிவிட்டு, அந்த முக்கோணத் துண்டு கவரிலேயே தொங்கும்படி விடுங்கள். அந்தத் துண்டு தனியாகப் போனால் எந்தக் கடைக்காரரும் பொறுக்கப் போவதில்லை. சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போகும், அல்லது தென்னை மரத்தடியில் மண்ணோடு கலந்துவிடும். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் துண்டு வருகிறது.

கழுவிக் காயவைத்த பால் கவர் நல்ல சரக்கு. ஒரே மாதிரிப் பிளாஸ்டிக், கெட்டியானது, கிலோக் கணக்கில் வாங்குவார்கள். கழுவாதது இரண்டே நாளில் நாறும், அந்த நாற்றம் சாக்கு முழுவதற்கும் ஏறும். தயிர், எண்ணெய், மாவுக் கவர்களுக்கும் இதேதான் வழி. எண்ணெய்க் கவருக்கு மட்டும் கொஞ்சம் அரப்பையோ கடலை மாவையோ போட்டுத் தேய்த்தால் பிசுக்குப் போகும்.

பிளாஸ்டிக்கு எல்லாம் ஒண்ணுதானுங்களே? அடில முக்கோணத்துக்குள்ள நம்பர் எதுக்குப் போட்டிருக்குது?

ஒன்றல்ல. 1 என்றால் தண்ணீர், சோடா பாட்டில். 2 ஷாம்பு பாட்டில், பினாயில் கேன் போன்ற கெட்டிச் சாமான். 3 பி.வி.சி. குழாய். 4 பால் கவர் போன்ற மெல்லிசு. 5 டிபன் டப்பா, ஓட்டல் பார்சல் டப்பா. 6 தெர்மாகோல். 7 என்றால் இவை எதிலும் சேராதவை. ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. கலந்து உருக்கினால் வருகிற பொருள் எதற்கும் உதவாது. அதனால்தான் பிரிக்கிறார்கள்.

அனுபவப்பட்ட கடைக்காரர் நம்பரைப் பார்ப்பதே இல்லை. தரையில் தட்டிச் சத்தம் கேட்பார், விரலால் வளைத்துப் பார்ப்பார், முடிந்தது. மூடியைக் கழற்றணுமா என்று கேட்பவர்களுக்கு: பாட்டில் 1, மூடி 2 அல்லது 5. ஆலையில் பொடியாக்கித் தண்ணீரில் போட்டால் மூடித்தூள் மிதக்கும், பாட்டில்தூள் மூழ்கும். அங்கேயே பிரிந்துவிடுகிறது. நீங்கள் பாட்டிலை மிதித்து நசுக்கி மூடியைத் திருகி விட்டாலே போதும், சாக்கில் இடமும் மிச்சம்.

இரும்புக் கடைல எதை எடுப்பாங்க, எதைத் திருப்பிக் குடுப்பாங்க?

இரும்பு, தகரம், அலுமினியம், பித்தளை, செம்பு பற்றிக் கேட்கவே வேண்டாம். அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவில் இருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குதான் செலவு. அதனால் அதற்கு எப்போதும் மரியாதை உண்டு.

காகிதத்தில்தான் தகராறு வரும். செய்தித்தாள், நோட்டு, அட்டை எடுப்பார்கள். இவற்றுக்கு உடுமலை பக்கத்து அட்டை மில்களில் இருந்து கரூர் காகிதபுரம் வரை நம் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. எடுக்காதவை: எண்ணெய் ஊறிய போண்டாக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள டீக் கப், வழவழவென்ற பில் காகிதம், பளபளக்கும் பரிசுக் காகிதம். சந்தேகம் வந்தால் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம். விட்டதும் விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் கலந்தது. பில் காகிதம் சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசியது, அதை மக்கும் வாளியிலும் போடாதீர்கள். எண்ணெய்க் காகிதத்தைக் கிழித்து மக்கும் வாளியில் போடலாம்.

சிப்ஸ் பாக்கெட்டு, பிஸ்கட் கவரு, ஷாம்பு பாக்கெட்டு… இதுக்கெல்லாம் யாருமே காசு தர மாட்டீங்கறாங்களே?

தரமாட்டார்கள். உள்ளே வெள்ளியாக மின்னுகிறதே, அது பிளாஸ்டிக்கோடு மெல்லிய அலுமினியப் பூச்சை ஒட்டி வைத்தது. ஒட்டியதைப் பிரிக்க ஆகும் செலவுக்குப் புதிதாகவே செய்துவிடலாம். காய்ந்த நிலையில் உள்ளாட்சிக்குக் கொடுத்தால், சேர்த்து அமுக்கி சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவார்கள். சூளையில் சூடு 1,400 டிகிரிக்கு மேல் போவதால் நச்சு பெரும்பாலும் மிஞ்சாமல் எரியும். பால் கவர் மாதிரி மெல்லிசான சிலவற்றை நறுக்கி, சூடான ஜல்லிமேல் பூசித் தார்ச் சாலை போடுவார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர்.

என்னைக் கேட்டால் சிமெண்ட் சூளைக்குப் போவதை மறுசுழற்சி என்று சொல்ல மனசு வராது. பாறைக்குழியில் கிடப்பதற்கு அது தேவலை, அவ்வளவுதான். இந்த வகையை வீட்டுக்குள் வரவிடாமல் பார்ப்பதே மேல். எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தண்ணி காயவெக்க அடுப்புல போட்டு எரிச்சா முடிஞ்சுது. எங்க அப்பாரு காலத்துல இருந்து குப்பையை எரிச்சுத்தானுங்க பழக்கம்.

அப்பாரு எரித்தது பருத்திமாரும் தென்னைமட்டையும். பிளாஸ்டிக் அல்ல. விறகடுப்பின் சூடு போன பதிலில் சொன்ன சூளைக்குப் பக்கத்தில்கூட வராது. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போதுதான் டையாக்சின் போன்ற நச்சு உண்டாகிறது. அதிலும் பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒயர், ரெக்சின் ரொம்ப மோசம். அந்தச் சாம்பலைத்தான் பிறகு முருங்கை மரத்தடியில் கொட்டுகிறோம்.

திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது. போகிக்கு டயர் கொளுத்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

காய்த்தோலை வீட்லயே மக்க வெச்சா நாறாதுங்களா? ஒருக்கா பண்ணிப் பாத்தேன், புழுவா வந்துருச்சு, தூக்கி வீசிட்டேன்.

நாறினால் ஈரம் அதிகம், காற்று குறைவு. காரணம் பெரும்பாலும் இந்த இரண்டுதான். காய்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், காய்ந்த இலையிலும் நாரிலும் கரிச்சத்து (கார்பன்) அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்கு கரிச்சத்து இருந்தால் நுண்ணுயிர்கள் நிம்மதியாக வேலை செய்யும். வெறும் காய்த்தோலைக் கொட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு உதைக்கும். நம் பக்கம் இதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: தேங்காய் மஞ்சித் தூள், அதாவது மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மஞ்சி மில் வாசலில் மலையாகக் கிடக்கும். கரிச்சத்து ஏராளம், தண்ணீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கிடைக்காதவர்கள் வேப்பிலைச் சருகு, மரத்தூள், கிழித்த அட்டை எதையாவது போடலாம்.

ஒரு பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் துளை போடுங்கள். அடியில் நாலு விரல் உயரம் மஞ்சித் தூள். அன்றன்றைய கழிவைப் போட்டு, அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேலே தூளைத் தூவுங்கள். தொடங்கும்போது ஒரு கை சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் வேலை சீக்கிரம் பிடிக்கும். வாரம் இரண்டு தரம் குச்சியால் கிளறுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தூள் போடுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு வாளியைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண் வாசத்தோடு பொலபொலவென்று வந்துவிடும். எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு போடலாம். கறி, மீன் முள், எண்ணெய் அதிகமுள்ள மிச்சம் வேண்டாம், எலி வரும்.

புழு வந்தது கெட்டதல்ல. பழுப்பாக, தட்டையாக, கெட்டித் தோலோடு இருந்திருந்தால் அது கறுப்பு நிற ஈ ஒன்றின் புழு. அது வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராது, கழிவை உங்களை விட வேகமாக முடித்துக் கொடுக்கும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் தூளை அதிகமாகப் போடுங்கள், காய்ந்ததும் குறைந்துவிடும். பக்கத்தில் கோழி வளர்ப்பவர் இருந்தால் வாளியோடு வாங்கிக்கொள்வார்.

எங்களுக்குத் தோட்டமே இருக்குதுங்க. எல்லாத்தையும் குப்பைமேட்டுல போட்டா மாட்டுச் சாணத்தோட மக்கிருமே?

காய்கறி, இலை, சாம்பல் வரைக்கும் தாராளமாகப் போடுங்கள். தப்பித் தவறி பிளாஸ்டிக் போனால் அது மக்காது. வயக்காட்டுக்கு எருவாகக் குப்பை அடிக்கும்போது அதோடு சேர்ந்து போய், ரொட்டவேட்டரில் சிக்கித் துண்டு துண்டாகி மண்ணோடு கலந்துவிடும். அதற்குப் பிறகு பொறுக்கவே முடியாது. வீட்டுக் கழிவைக் கவரில் முடிந்தபடி மேட்டில் எறிந்தால் மாடு கவரோடு தின்றுவிடும். அசை போடும் மாட்டுக்கு உள்ளே போன பிளாஸ்டிக் வெளியே வராது, இரைப்பையிலேயே தங்கிவிடும்.

பூச்சிமருந்து டப்பா, பழைய சொட்டுநீர்க் குழாய் எல்லாம் கெடக்குது. அதையும் எடைக்குப் போடலாமுங்களா?

குழாயைப் போடலாம். மண்ணை உதறி, சுருட்டிக் கட்டி, காய்ந்ததாகக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். அதுவும் பால் கவர் இனத்துப் பிளாஸ்டிக்தான்.

மருந்து டப்பா வேறு கதை. காலியானதும் கால்வாசி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். மூன்று தரம் இப்படி. பிறகு வேறு எதற்கும் பயன்படாதபடி ஆணியால் துளை போட்டுத் தனியாக வைத்து, மருந்துக் கடையிலோ வேளாண் அலுவலகத்திலோ கேட்டுக் கொடுங்கள். வாய்க்காலில் அலசக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அதில் உப்போ பருப்போ கொட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

தேங்காத் தொட்டியை வண்டில எடுக்க மாட்டீங்கறாங்க, மக்கவும் மாட்டீங்குது.

தனிச் சாக்கில் சேருங்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தொட்டியை (கொட்டாங்குச்சியை) சுட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தக் கரியில் இருந்து செய்வதுதான் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரத்துக்குள் இருக்கும் கார்பன். சாக்கு நிறைந்தால் எண்ணெய் செக்கில் விசாரியுங்கள், வாங்குகிறவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருப்பூரே பக்கத்துல இருக்குது. பழைய துணியை எல்லாம் அங்க மில்லுக்குக் குடுத்தர முடியாதுங்களா?

நியாயமான கேள்வி. பனியன் கம்பெனியில் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் பெரும்பாலும் வீணாவதில்லை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று நிறம் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். பல்லடம், வெள்ளகோவில், உடுமலை வட்டாரத்தில் இந்த மில்கள் நிறைய. அந்த நூலில் பெட்ஷீட், துண்டு, கையுறை, தரை துடைக்கும் மாப்பு வரை வருகிறது. சிவப்புத் துணியில் இருந்து சிவப்பு நூல் வருவதால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தண்ணீர் பாட்டிலை உருக்கி இழையாக்கி டிசர்ட் தைப்பதும் திருப்பூரில் நடக்கிறது.

ஆனால் கம்பெனித் துண்டு வேறு, நம் பீரோவில் கிடக்கும் சட்டை வேறு. அது புதுத் துணி, என்ன நூல் என்று தெரிந்தது. நம் சட்டையில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்திருக்கும். ஜிப், பட்டன், ஒட்டுத் துணி இருக்கும். லெக்கின்ஸில் எலாஸ்டிக் இழை ஓடும். இந்தக் கலப்பை மில்காரர்கள் விரும்புவதில்லை. அதனால் உடுத்தக்கூடியதைத் துவைத்து மடித்து உடுத்துகிறவர்களுக்குக் கொடுங்கள். நைந்த பருத்தியை, அதாவது வேட்டி, பனியன், பழைய நூல்சேலையை, பட்டன் கழற்றித் தனி மூட்டையாக்கினால் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்க வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலேயே கரித்துணி, கால்மிதி என்று ஒரு சுற்று ஓட்டலாம். கிழிந்த உள்ளாடையைக் கட்டைப்பையில் போட்டு ஆசிரமத்து வாசலில் வைத்துவிட்டு வருவது தானமல்ல, குப்பையை இடம் மாற்றுவது.

கடைல துணிப்பைன்னு ஒண்ணு குடுக்கறாங்களே, அது நல்லதுதானுங்களே?

உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்கும் இழை தெரிந்தால் துணி. புள்ளி புள்ளியாக அச்சு வைத்த மாதிரி இருந்து, இழுத்தால் பஞ்சு மாதிரி பிரிந்தால் அது பாலிபுரோப்பிலீன், டிபன் டப்பா செய்யும் அதே பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் இந்தப் பையும் உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தட்டும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் அதை எப்போது கீழே வைத்தார்கள்?

'மக்கும் பை'ன்னு பச்சைல எழுதிருக்கறதை மக்கும் வாளில போட்டுக்கலாமுங்களா?

வீட்டு வாளியில் போட்டால் பல மாதம் அப்படியே இருக்கும். அந்தப் பைகளைச் சோதிக்கும் தரம் பெரிய உரக்கூடத்தில் கிடைக்கும் 60 டிகிரி அளவுச் சூட்டை வைத்துக் கணக்கிட்டது. வாளியில் அந்தச் சூடு வராது. சரி, பிளாஸ்டிக் சாக்கில் போடலாமா என்றால் அங்கேயும் சேர்க்கக் கூடாது, மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்து உருகினால் சரக்கின் தரம் கெடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அச்சிடாமல் வெறும் பச்சை இலை படம் மட்டும் போட்ட பைகளும் சந்தையில் சுற்றுகின்றன. கையில் மஞ்சப்பை இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஒடஞ்ச கண்ணாடி, சரக்குப் பாட்டிலு?

முழு பாட்டில் எல்லாம் கடைக்குப் போகும். டாஸ்மாக் பாட்டிலுக்கு 2022இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு கோவை உட்பட மற்ற மாவட்டங்களிலும் 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். தோட்டத்து வரப்பில் கிடக்கும் பாட்டில் குறைந்தாலே பாதிப் புண்ணியம். உடைந்ததை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரமும் பாட்டிலோடு சேராது. முன்னதில் பின்னால் பூச்சு இருக்கிறது, பின்னது உருகும் சூடு வேறு.

நாப்கின், டயாபர், காலாவதியான மாத்திரை… சொல்லவே கூச்சமா இருக்குதுங்க.

கூச்சப்பட்டுக் கறுப்புக் கவரில் முடிந்து கொடுப்பதால்தான் பணியாளர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள், கையில் தனியாகக் கொடுங்கள். கழிப்பறையில் போடவே கூடாது. இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான பாட்டிலில் சேர்த்து, நீங்கள் போகும் மருத்துவமனையில் கேட்டுக் கொடுங்கள். மாத்திரை, டானிக் எல்லாம் நான்காவது வகை, சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பழைய செல்போனு, யு.பி.எஸ். பேட்டரி, டியூப்லைட்டு எங்கீங்க குடுக்கறது?

யு.பி.எஸ். பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், பழையதுக்கு விலை கழிப்பார்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருப்பதால் வீட்டில் உடைக்கக் கூடாது. செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் அமுக்காதீர்கள், முனையில் செல்லோடேப் ஒட்டித் தனியாக வையுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் தயாரிப்பாளர் தலையில்தான் பொறுப்பை வைத்திருக்கின்றன, அதனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். எல்.இ.டி. அல்லாத பழைய வகை டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடையாமல் அட்டை உறையோடு கொடுங்கள்.

கல்யாணம், தெரட்டின்னு வந்தா ஒரே நாள்ல ஒரு வருசத்துக் குப்பை சேந்துருதே?

கல்யாணமோ தெரட்டியோ (பூப்பு விழா), மண்டபத்தில் சேரும் குப்பையில் பெரும்பாலானது தண்ணீர் பாட்டிலும் இலையும்தான். குட்டிப் பாட்டிலில் பாதி குடித்து வைத்துவிட்டுப் போவார்கள். எவர்சில்வர் டம்ளரும் கேனும் வைத்தால் ஒரம்பரை (உறவுக்காரர்கள்) யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பந்தி மேஜைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் சுருள் தடைப் பட்டியலில் இருக்கிறது, வெறும் காகிதச் சுருள் கேளுங்கள்.

சமையல்காரரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: இலையோடு ஐஸ்கிரீம் கப், பாட்டில், டூத்பிக் எதுவும் சேரக் கூடாது. கை கழுவும் இடத்துக்கு முன்னால் இரண்டு சாக்கு மாட்டி, ஒரு பையனை நிறுத்தினால் போதும். சுத்தமான இலை தோட்டத்துக் குப்பைமேட்டுக்கு அப்படியே போகும்.

பலகாரம் சுட்ட எண்ணெயை என்ன பண்றது?

சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். கொஞ்சமாக இருந்தால் மஞ்சித் தூளிலோ பழைய பேப்பரிலோ ஊறவைத்து வண்டிக்குக் கொடுங்கள். நிறைய சேர்த்தால் பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பலகாரக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்லுவார்.

இவ்வளவு பண்ணியும் மாசக் கடைசில ஒரு சாக்கு மிச்சம் நிக்குதுங்களே?

அந்தச் சாக்கை மாடியில் கொட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து சாமான்தான் திரும்பத் திரும்பக் கிடக்கும்: ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் கவர், முறுக்குப் பாக்கெட், ஆன்லைனில் வந்த குமிழ்க் கவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். அதிகம் கிடப்பது எதுவோ அதை மட்டும் இந்த மாதம் மாற்றுங்கள். ஷாம்பு என்றால் பெரிய பாட்டில், தீர்ந்ததும் அதற்கு விலை உண்டு. முறுக்கு, மிக்சர் என்றால் பலகாரக் கடைக்குத் தூக்குப்போசி எடுத்துப் போங்கள். சந்தையில் கறிக்கடைக்காரர்கூட இப்போதெல்லாம் போசியில் போட்டுத் தருகிறார். ஆன்லைன் பெட்டியில் ஒட்டுநாடாவை உரித்துவிட்டால் அட்டை சரக்கு.

கடைசியில் நிற்பது தெர்மாகோல். எடையே இல்லாததால் எங்கள் பக்கத்துக் கடைகளில் யாரும் சீந்துவதில்லை. டிவியோ பிரிட்ஜோ வரும்போது டெலிவரிக்காரர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலில் முனகுவார். வண்டி காலியாகத்தான் திரும்பிப் போகும், கேட்டால் எடுத்துக்கொள்வார்.